மூன்றாம் ஓலைக்கு முன் விழுந்த கோல்

விசிலை வாயில் கவ்விக்கொண்டே ஓடாதீர்கள். புதிதாக ரெஃப்ரி பரீட்சை பாஸ் பண்ணி வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் போன வாரம் பாடாங் மைதானத்தில் அப்படித்தான் ஓடினீர்கள். நான் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கினால்கூட அது பீப்பீ என்கிறது, பாவம் ஆட்டக்காரர்கள் நின்று நின்று ஓடுகிறார்கள். விசில் கையில் இருக்க வேண்டும். கையிலிருந்து வாய்க்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ரெஃப்ரிக்குப் புத்தி வேலை செய்யும். என் விசில் கையில் இருந்ததால்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சட்டப் புத்தகம் உங்களிடமே இருக்கிறது, அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது முப்பதுகள். ரப்பர் விலை விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்திருந்த காலம். லாபிஸுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். வாரம் முழுக்க ரப்பர்ப் பால் கணக்கு, ஆள் கணக்கு. சனி ஞாயிறு வந்தால் ரெஃப்ரி. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் இருக்கும், ஊதுவதற்கு ஆள் இருக்காது. அடி வாங்க யார் வருவார்கள்? நான் போவேன். காஹாங்கில் கோல் கம்பம் சாய்ந்து விழுந்து, அதை இரண்டு பேர் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்படியே ஓர் ஆட்டத்தை முடித்திருக்கிறேன். பெக்கான் நானாஸில் பந்து அன்னாசிக் காட்டுக்குள் போய்விட்டது. தேடப் போனவர்கள் வாயெல்லாம் சாறு வழியத் திரும்பி வந்தார்கள், பந்து வரவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

காலேஜ் ஆட்டம் அப்படியில்லை.

எங்கள் பக்கத்து ரயில் ஊரில் இரண்டு காலேஜ். காலேஜ் என்று பெயரே தவிர இரண்டும் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள்தான். குன்றின்மேல் இருந்தது மேட்டுக் காலேஜ். ஸ்டேஷனை ஒட்டி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது ரயிலடிக் காலேஜ். வருடத்துக்கு ஒருமுறை ஒரு கப்புக்காக மோதுவார்கள். யாரோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன கப். அதில் ஊற்றினால் அரைக் கிளாஸ் கோப்பிகூடப் பிடிக்காது. அதற்காக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மேட்டுக்காரர்கள் முடி வெட்டுகிற கடை வேறு, ரயிலடிக்காரர்கள் கடை வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு காலேஜிலும் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள்.

எனக்குப் பெண் பேசியிருந்தது மேட்டுக் காலேஜ் கணக்கு வாத்தியார் சவரிமுத்து வீட்டில். அவர் அதே காலேஜில் படித்து, அதே காலேஜில் வாத்தியாரானவர். ஆட்டத்துக்கு வந்தால் குடையோடுதான் வருவார், வெயிலுக்கு அல்ல, ஆட்டிக் காட்டுவதற்கு. மூத்த மகள் பிலோமினா. பெண் பார்க்கப் போனபோது கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் நான் விழுந்தேன், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வழக்கம் தெரியாத பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னாரைக் கல்யாணம் செய்யப் போகிறார், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசை நடுவில் கேட்பார். சபை இருமும். கைக்குழந்தை ஒன்று அழும். அதோடு சரி, யாரும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாம் ஓலைக்கு முந்திய வாரத்தில் காலேஜ் ஆட்டம் வந்தது.

ஊத வேண்டிய ரெஃப்ரி மலேரியாவில் படுத்துவிட்டார். கப் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நான் படித்தது பினாங்கில், இரண்டு காலேஜிலும் சேராதவன் என்றார்கள். ரயிலடிக்காரர்கள் மட்டும், இவர் சவரிமுத்து வாத்தியார் மாப்பிள்ளை ஆச்சே என்று முணுமுணுத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, ஒன்னு சொல்லிடறேன். பாடாங்ல எறங்கிட்டா நான் மாப்பிள்ளை இல்ல."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அது எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? நீங்க நியாயமா ஊதுங்க, போதும். நியாயமா ஊதுனா நாங்கதான ஜெயிப்போம்!"

ஆட்டம் ரயிலடிக் காலேஜ் பாடாங்கில். ஒரு பக்கக் கோட்டைத் தாண்டினால் ரயில் வேலி, அதைத் தாண்டினால் பிளாட்பாரம். மெயில் வண்டி வழக்கமாக ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடும். அன்று பாதையில் எங்கோ காட்டு யானை நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றதாம். வண்டி மிகவும் தாமதமாக வந்து, ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் பிளாட்பாரத்தில் நின்றது. ஆளுக்கு ஒரு கோல். சமமாக முடிந்தால் போன வருடம் ஜெயித்த மேட்டுக் காலேஜுக்கே கப். அதனால் மேட்டுப் பையன்கள் பந்தை அங்கேயும் இங்கேயும் உதைத்து நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. நீளமாக மூன்று தடவை.

கார்டு வண்டியை எடுக்க ஊதினார், வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் விசிலும் என் விசிலும் சிங்கப்பூரில் ஒரே கடையில் வாங்கிய ஒரே சாதி விசில். ரயிலடிப் பையன்களுக்கு அது பழகிப்போன சத்தம். வகுப்பில் உட்கார்ந்தால் நாள் முழுக்க அதுதான் காதில் விழும், அவர்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மேட்டுப் பையன்கள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார்கள். கோலுக்கு முன்னால் காவல் நிற்க வேண்டிய அவர்களுடைய இரண்டு பேக்கும் பாடாங் நடுவில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கோல்கீப்பர் ஆ செங் கம்பத்தில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, எலுமிச்சைத் தண்ணீர் வாளியைப் பார்த்து நடந்தே போய்விட்டான். ரயிலடி மாணிக்கம் ஹமீதிடம் பந்தைத் தள்ளினான். ஹமீது ஓடக்கூட இல்லை. கடைக்குப் போகிற மாதிரி நடந்து போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டு, பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பாதிப் பாடாங் கப்பை ஜெயித்துவிட்டதாகக் குதிக்கிறது. மறு பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்க்கிறது. என் விசில் கையில். நான் ஊதவில்லை. ஊதாத விசிலுக்கு நிற்பது ஆட்டக்காரன் தப்பு, ரெஃப்ரி தப்பு இல்லை. இதை யோசித்து முடித்ததும் விசிலை வாய்க்குக் கொண்டுபோய் ஒரே ஒரு ஊதல், கையை நடுக்கோட்டைப் பார்த்து நீட்டினேன். கோல்.

அடுத்தது என்ன நடந்தது என்று எனக்கே வரிசையாகத் தெரியாது. ஒரு குடை வந்தது. குடைக்குப் பின்னால் என் மாமனார் வந்தார், கயிற்றைத் தாண்டி, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

"என்னங்க இது? ஆட்டம் முடிஞ்சி போச்சே!"

"நான் முடிக்கல மாமா."

"மூணு விசில் கேட்டுச்சி. மூணு! ஊரே கேட்டுச்சி!"

"அது மெயிலுக்கு."

"மெயிலுக்கு எதுக்குங்க மூணு?"

"அத கார்டுகிட்டதான் கேக்கணும்."

"கார்டு மெயிலோட போயிட்டானே!"

ஆ செங் கையில் கிளாஸோடு ஓடிவந்தான். "அலாமாக்! சுடா ஹபிஸ் லா மிஸ்டர்! முடிஞ்சி போச்சி, அதான் நான் தண்ணி குடிக்குது!" என்று கிளாஸை என் மூக்குக்கு நேரே சாட்சியாக நீட்டினான். பாதித் தண்ணீர் என் சட்டையில். மிச்ச நேரத்தை ஆடி முடிக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கப் ரயிலடிக்குப் போனது. நான் கூட்ஸ் ஷெட் வழியாகத் தோட்டத்து லாரிக்குப் போனேன்.

கூட்டத்துக்கு நடுவே விளக்கம் சொல்ல நிற்காதீர்கள் பிள்ளைகளா. நான் நின்று பார்த்தேன். ஒருவருக்குப் பதில் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள், அந்தப் பத்துப் பேரும் நம் பதிலைக் கேட்பதற்காகக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. ஸ்டேஷன் எதிரே ராவுத்தர் கோப்பிக் கடை. அங்கே மேசையெல்லாம் பாடாங் ஆகிவிட்டது. சீனி டப்பா இரண்டு கோல் கம்பம், கிளாஸ்கள் ஆட்டக்காரர்கள், அவித்த முட்டை பந்து. ஒருவன் மாணிக்கமாக முட்டையை உருட்டுவான், ஒருவன் ஹமீதாக வாங்குவான், கார்டாக ஒருவன் வாயில் விரலை வைத்து ஊதுவான். மேட்டுக் கட்சி கோபத்தில் எழுந்து நிற்கும். அந்தச் சந்தடியில் எவனாவது முட்டையை எடுத்துத் தின்றுவிடுவான். ராவுத்தர் கடைசியில் பொறுமை இழந்தார்.

"வாப்பாமார்களே, கோலோ கோல் இல்லையோ, எனக்குத் தெரியாது. பந்த தின்னவன் மட்டும் யாருன்னு சொல்லிட்டுப் போங்க!"

கார்டு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மகன் ரயிலடிக் காலேஜில் ஏதோ ஒரு சின்ன வகுப்பில் படித்தான். அவ்வளவு போதாதா? கார்டும் ரெஃப்ரியும் கூட்டுச் சதி என்று மேட்டுக் கட்சி முடிவு கட்டியது. அவர் திரும்பி வந்த வண்டியைப் பிளாட்பாரத்தில் மறித்துக்கொண்டார்கள். சவரிமுத்து வாத்தியார்தான் குறுக்கு விசாரணை.

"ஏன் சார் மூணு வாட்டி ஊதுனீங்க?"

கார்டு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாராம். "ஓம், மூண்டு தரம்தான் ஊதினனான். ஒரு கிழவர் கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர். அவர ஏத்த வேண்டாமே? என்ர ரயில் வெளிக்கிட உங்கட கோல்கீப்பரிட்ட கேட்டுட்டோ நான் ஊதுறது?"

பிளாட்பாரத்தில் இருந்த ரயிலடிக்காரர்கள் கை தட்டினார்களாம். என் மாமனாருக்கு அதுதான் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். அன்று சாயந்திரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார். அந்த மேட்டு மண் ரோட்டில், அந்த வயதில்! ஆபீஸில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், தொடவில்லை. ஆட்டம் வரைக்கும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், இப்போது வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"மிஸ்டர் அருளப்பன், சனிக்கெழம கமிட்டி கூடுது. உங்கள கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"ஆமாங்க மாமா."

"நீங்க விசில் ஊதுனேன்னு பொய் சொல்ல வேணாம். அத நான் கேக்க மாட்டேன். நான் வாத்தியார். 'நேரம் முடிஞ்சிருந்துச்சி'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"என் கடிகாரத்துல நேரம் இருந்துச்சே."

"கடிகாரம்னா நிக்காதா? எங்க வீட்டு கடிகாரம் வாரத்துல பாதி நாள் நின்னுதான் கெடக்கு. யாரு அத ஜெயில்ல போட்டா?"

"சொல்லலன்னா?"

அவர் எழுந்து சைக்கிளைப் பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. தடை இருந்தா சொல்லலாம்னு சாமியார் கேப்பாரு. கேக்கறவருக்கு யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லத்தான வேணும்?"

அவர் போன பிறகு நான் பால் கணக்கை எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. பிலோமினா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவள் இன்னும் அந்த வீட்டுக்குள் காலடிகூட வைக்கவில்லை என்றாலும்! ஒரு வார்த்தைதானே, யாருக்கு என்ன நஷ்டம், பிசுக்குப் பிடித்த ஒரு கப்தானே என்று மனசு ஆயிரம் வக்கீல் வைத்து வாதாடியது. ரயிலடிப் பையன்கள் அடுத்த வருடம் ஜெயித்துக்கொள்ளட்டுமே என்றுகூட நினைத்தேன். அப்புறம் வேறொன்று தோன்றியது. இதை ஒருமுறை செய்துவிட்டால், நான் எந்த ஊரில் எந்த விசிலை ஊதினாலும், எந்த வீட்டில் பெண் இருக்கிறது என்றுதான் ஊர் முதலில் தேடும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அழுவது கஷ்டம். அப்படியே எழுந்து குளிக்கப் போனேன்.

சனிக்கிழமை கமிட்டி. தலைவர் ஒரு தோட்டத்துத் துரை. அவருக்கு வேட்டைக்குப் போகிற அவசரம்.

"நீ விசில் ஊதினாயா?"

"இல்லை, துரை."

"நேரம் முடிந்திருந்ததா?"

"இல்லை, துரை."

"அப்படியானால் நாம் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?" என்று துரை தொப்பியை எடுத்தார். மூலையில் நின்ற சவரிமுத்து வாத்தியார் என்னைப் பார்க்காமலே வெளியே போனார். கதவைச் சாத்திய சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பூசைக்கு வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்பதுதான் வழக்கம். அன்று ஆண்கள் பக்கமே இரண்டாகப் பிரிந்து முன்வரிசை மேட்டுக் கட்சி, பின்வரிசை ரயிலடிக் கட்சி. ராவுத்தர்கூட வெளியே வேப்பமரத்தடியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

எங்கள் சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்தவர், புத்தகத் தமிழ்தான் பேசுவார். மூன்றாம் ஓலையை வாசித்தார். "இத்திருமணத்திற்குத் தடை யாதேனும் உண்டென்று அறிந்தவர் இப்போது அறிவிக்கலாம்" என்றார். வழக்கம்போல இருமல். கைக்குழந்தை அழுகை.

முன்வரிசையில் சவரிமுத்து வாத்தியார் எழுந்தார். பெண்ணைப் பெற்ற தகப்பனே எழுந்தார்!

"தடை இருக்குது சாமி."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடை, வாத்தியாரே?"

"மாப்பிள்ளைக்குக் காது கேக்கல சாமி. பாடாங்கு முழுக்க மூணு விசில் கேட்டுச்சி, அவருக்கு மட்டும் கேக்கல. காது கேக்கலன்னா அது கொற. காது கேட்டும் கேக்காத மாதிரி நின்னாருன்னா அது இன்னும் பெரிய கொற. ரெண்டுல எதுவா இருந்தாலும் என் பொண்ண எப்படிக் குடுக்கறது?"

கணக்கு வாத்தியார் இல்லையா, இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ "ரெஃப்ரி காது நல்லாத்தான் இருக்கு" என்றான். முன்வரிசை மொத்தமாகத் திரும்பி முறைத்தது. சாமியார் மேசையைத் தட்டினார்.

"செவிடாயிருப்பது திருமணத்திற்குத் தடையல்ல. சில இல்லங்களில் அது பேருதவி" என்றார். பெண்கள் பக்கம் முந்தானைக்குள் சிரிப்பு. "இரண்டாவதை ஆராய்வோம். சற்றே பொறும். நின்றபடியே இரும்."

அப்படிச் சொல்லிவிட்டு அங்கியைத் தூக்கிப் பைக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வாத்தியார் நிற்கிறார், சாமியார் நிற்கிறார், சபை காத்திருக்கிறது. எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் கோயில் ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி. ஞாயிறு காலை வண்டி எப்போதும் பிரசங்கத்தின் நடுவில்தான் புறப்படும். அந்த ஊருக்கு அது பழகிப்போன சங்கதி, சாமியார் அப்போது மட்டும் குரலை உயர்த்தித் தொடர்ந்து பேசுவார். அன்றும் வந்தது. கார்டு விசில், நீளமாக, ஜன்னல் வழியாகத் தெளிவாக.

சாமியார் கடிகாரத்தை மூடினார். "கேட்டதா, வாத்தியாரே?"

"கேட்டுச்சி சாமி."

"அப்படியாயின் பூசை முடிந்ததா?"

வாத்தியாருக்குப் பொறி அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை.

"இல்ல சாமி."

"ஏன் முடியவில்லை?"

"சாமி இன்னும் முடிக்கலியே."

பின்வரிசை வெடித்தது. கோயிலென்றும் பாராமல் கை தட்டினார்கள். முன்வரிசையிலேயே சிலர் குனிந்து தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆ செங்குக்குத் தெரிந்தது அரைகுறைத் தமிழ், கோயிலும் புதிது, ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு என்று மட்டும் புரிந்து, எழுந்து சாமியாருக்குச் சல்யூட் அடித்தான். சவரிமுத்து வாத்தியார் மெல்ல உட்கார்ந்தார். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வேறு தடை?" என்று கேட்டார். யாரும் இருமக்கூட இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தோம். அவர் குடையை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றார். எல்லாரும் பார்க்கிறார்கள். நான் கிட்டே போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொண்ணத் தரேன் மாப்பிள்ளை. கோலத் தர மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாகிற வரைக்கும் அந்தக் கோலை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தவும் இல்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும். உங்களைத் திட்டுகிறவர்களை எல்லாம் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளா. சிலருக்கு அது ஒருவகை உறவு.

கல்யாணம் நடந்தது. விருந்தில் மேட்டுக்காரர்களுக்கு ஒரு பந்தி, ரயிலடிக்காரர்களுக்கு ஒரு பந்தி. எந்தப் பந்திக்கு முதலில் பாயசம் போனது என்று அதற்கும் ஒரு சண்டை. சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு தோட்டத்து லாரியில் எங்களை ஏற்றிவிட்டார்கள். முன் சீட்டில் டிரைவர். பின்னால் மெத்தை, பாத்திரம், தகரப் பெட்டி, நடுவில் நாங்கள் இருவரும். ஊர் எல்லை தாண்டும் வரை பிலோமினா வாய் திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் மரங்கள் வரிசையாக ஓடத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள். என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"ஒன்னு கேக்கலாமா?"

"கேளு."

"மாணிக்கம் பந்த தள்ளுனப்ப ஹமீது எங்க நின்னாரு?"

அவள் விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எங்க பேக்கு ரெண்டு பேரும் நடுவுல கட்டிப் புடிச்சிக்கிட்டு குதிக்கிறாங்க. ஆ செங் தண்ணி குடிக்கப் போயாச்சி. ஹமீதுக்கும் கோலுக்கும் நடுவுல ஒரு கோழிக்குஞ்சுகூட இல்ல. அது ஆஃப்சைடு இல்லியா?"

இத்தனை நாள் ஊரே விசில், விசில் என்று கத்தியது. ராவுத்தர் கடையில் அத்தனை முட்டை உருண்டும், கமிட்டி கூடியும், கோயிலில் வழக்கே நடந்தும், ஒருத்தன், ஒரே ஒருத்தன் இதைக் கேட்கவில்லை.

"ஹமீது பந்துக்குப் பின்னால நின்னான், அப்ப அது ஆஃப்சைடு இல்ல. நான் பாத்தேன்" என்றேன்.

"முன்னால நின்னாரு. அன்னைக்கு அப்பாவோட வந்து நானும் பாத்தேன்."

"பின்னால."

"முன்னால."

அது இன்றுவரை எங்கள் வீட்டில் தீரவில்லை. பேரப்பிள்ளைகளை வைத்து, புளி உருண்டையை வைத்து, செருப்பை வைத்து எல்லாம் ஆடிக் காட்டிவிட்டோம். நான் பின்னால் என்றுதான் சொல்கிறேன், அவளும் அசையவில்லை. அன்று அந்த லாரியில் மட்டும் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது.

"இத ஏன் நீ உங்க அப்பாகிட்ட சொல்லல? அவரு ஊரு பூரா சாட்சி தேடி அலைஞ்சாரே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

"சொல்லியிருந்தா அப்பா விடுவாரா? கப்பு எங்களுக்கு வந்திருக்கும், நீங்க போயிருப்பீங்க." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் மறுபடி மரங்களைப் பார்க்கத் திரும்பினாள். "அந்தக் கப்ப வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய?"